வீதியில் ஆடும் நாடகம் (6): குறுக்கெழுத்துக் குறிப்பும் நாடக வகைமைப் பெயரும்

ஆய்வுச் சுருக்கம்

நாடக வகைமை ஒன்றன் பெயரை விடையாகக் கொண்ட குறுக்கெழுத்துக் குறிப்பை விடுவிக்கும்போது, விடுவிப்பவர் ஒரு வரையறையை ஏற்கிறார். அவ்வரையறைக்கு ஒரே பெயர் உரியது என்பதையும் ஏற்கிறார். தெருக்கூத்து, வீதி நாடகம், கட்டைக்கூத்து, பள்ளு, நொண்டி நாடகம், விலாசம், குறவஞ்சி ஆகிய பெயர்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குரிய குறிப்புகள் எவ்வாறு அமையலாம், எங்கே தவறலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒருபொருட் சொற்களைப் பெய்து வகைமையை விளக்கும் முறை குறைபாடுடையது என்பதும், பாடநூல்களிலும் தேர்வு வினாக்களிலும் இக்குறைபாடே காணப்படுகிறது என்பதும் இதன் முடிபு. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குறிப்புகள் அனைத்தும் கட்டுரையாளரால் அமைக்கப்பட்டவை. எந்த இதழிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

திறவுச்சொற்கள்: குறுக்கெழுத்து, நாடக வகைமை, வரையறை, தெருக்கூத்து, கட்டைக்கூத்து, வீதி நாடகம், எழுத்தெண்ணிக்கை

1. முன்னுரை

சென்னையில் ஈக்காட்டுத்தாங்கல் என்றோர் ஊர் உள்ளது. தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்பது சிறிய ஏரியைக் குறிக்கும். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் ஆகிய ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் நிற்கிறது. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் தடத்தில் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியபோது ஈக்காட்டுத்தாங்கலும் ஒரு நிலையமாயிற்று. இவ்வூர்ப்பெயரை ஈக்காட்டுத்தாங்கல் என்றும் ஈக்காடுதாங்கல் என்றும் இருவகையாக எழுதுகின்றனர். குறுக்கெழுத்துக் கட்டத்தில் முன்னதற்குப் பத்துக் கட்டங்கள் வேண்டும். பின்னதற்கு எட்டே போதும். ஊர் ஒன்றுதான், ஆனால் பத்து என்றோ எட்டு என்றோ அடைப்புக்குறிக்குள் எண்ணை இட்ட உடனே, எவ்வடிவம் திருந்திய வடிவம் என்ற வழக்கில் புதிர் அமைப்பவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

ஊர்ப்பெயரில் இத்தீர்ப்பால் பெரிய இழப்பில்லை. ஒரு கலையின் பெயரில், அதுவும் அக்கலையை ஆடுவோரே எப்பெயரால் தம்மை அழைத்துக்கொள்வது என்று வாதிட்டுவரும் பெயரில், நிலைமை வேறு. அங்கே அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் திறனாய்வுத் தீர்ப்பாகிறது. இக்கட்டுரை எழக் காரணம் இதுவே.

இவ்வூரை முதலில் சுட்டியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கல்கி வார இதழின் அலுவலகம் பல ஆண்டுகள் இங்கே இயங்கியது. இதழின் அச்சு வடிவம் 2020இல் நின்றது. 1941இல் அவ்விதழைத் தொடங்கிய கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, அதற்குமுன் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் இசை, நடனம், நாடகம் பற்றிய விமரிசனங்களை எழுதியவர். 1928இல் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்த அவ்விதழ், 1930களில் குறுக்கெழுத்துப் போட்டிகளாலும் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றது. ஆக, நாடகத்தைப் பற்றிய பொறுப்பான பேச்சும் சொற்களைக் கட்டத்தில் அடைக்கும் விளையாட்டும் தமிழில் ஒரே இதழின் பக்கங்களில் அருகருகே வளர்ந்தன. அவ்விரண்டையும் ஒருசேர வைத்து நோக்குவது பொருத்தமே.

2. புதிரும் ஒற்றை விடையும்

புதிர் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை ஓர் இலக்கிய வகையாகவே கொள்கிறது. தண்டியலங்காரம் சொல்லணியியலில் கூறும் மிறைக்கவிகளுள் சில, இன்றைய குறுக்கெழுத்துக்கு நெருங்கிய உறவினர் எனலாம். ஓர் எழுத்தாய்த் தொடங்கி, எழுத்துகள் ஒவ்வொன்றாய்ச் சேரச்சேர வேறுவேறு சொல்லாகும் எழுத்து வருத்தனமும், எழுத்துகள் ஒவ்வொன்றாய் நீங்கநீங்க வேறு சொல்லாகும் அக்கரச் சுதகமும் இன்றைய மறைகுறிப்புகளின் நுட்பங்களே. கட்டங்களில் அமைத்து நான்கு திசையிலும் படிக்கத்தகும் சருப்பதோபத்திரம், எழுத்தைக் கட்டத்தில் இருத்தும் எண்ணமும் நமக்கு முன்பே இருந்ததைக் காட்டுகிறது.

இன்று நாம் அறிந்த குறுக்கெழுத்தின் தொடக்கம் 1913 டிசம்பர் 21. அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் அமைத்த புதிர் வெளிவந்தது. பின்னர் இங்கிலாந்தில் இதுவே மறைகுறிப்பு முறையாக வளர்ந்தது. இம்முறையில் ஒரு குறிப்புக்கு இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று விடையின் நேர்ப்பொருளைத் தரும் வரையறை. மற்றொன்று விடைச்சொல்லின் எழுத்துகளைப் பிரித்தும் சேர்த்தும் காட்டும் சொல்விளையாட்டு. ஸிமெனீஸ் என்னும் புனைபெயரில் புதிர் அமைத்த டெரிக் மக்நட் 1966இல் எழுதிய நூல் இக்கலைக்கு ஓர் இலக்கணத்தைத் தந்தது. வரையறை துல்லியமாக இருத்தல் வேண்டும், சொல்விளையாட்டு நேர்மையாக இருத்தல் வேண்டும், இவையன்றி வேறொன்றும் குறிப்பில் இருத்தலாகாது என்பது அதன் சாரம். தமிழில் இம்முறையைக் கையாண்டவர்களுள் வாஞ்சிநாதன் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவிலிருந்து வெளிவரும் தென்றல் மாத இதழில் அவருடைய புதிர்கள் வந்தன.

இந்தியாவில் குறுக்கெழுத்து நீதிமன்றம் வரை சென்றது. பரிசுப் போட்டிகள் சட்டம் 1955இல் இயற்றப்பட்டது. 1957இல் உச்ச நீதிமன்றம் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் தொடர்பான வழக்குகளில் தீர்ப்பளித்தபோது, திறனால் வெல்லும் போட்டிக்கும் தற்செயலால் வெல்லும் போட்டிக்கும் இடையே கோடு கிழித்தது; வெற்றி கணிசமான அளவுக்குத் திறனைச் சாராதபோது அது சூது என்பது அதன் நிலைப்பாடு. ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று விடைகள் ஒக்கப் பொருந்தி, அவற்றுள் ஒன்றை அமைப்பாளர் தம் விருப்பால் 'சரி' என்று அறிவித்தால், விடுவிப்பவரின் அறிவுக்கு அங்கே வேலையில்லை.

இவ்வேறுபாடு இலக்கியக் கல்விக்கும் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருத்து. ஒரு வரையறை ஒரு வகைமையை மட்டும் சுட்டினால் அதைக் கொண்டு விடையை அடைவது அறிவு. பல வகைமைகளுக்கும் பொருந்தும் வரையறையைக் கொண்டு ஒரு விடையை எதிர்பார்ப்பது, பரிசுத்தொகை இல்லாத சூது.

3. எழுத்தை எண்ணுதல்

குறிப்புகளை ஆராயுமுன் எண்ணும் முறையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்க் குறுக்கெழுத்தில் உயிர், மெய், உயிர்மெய் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கட்டம். யாப்பு மரபில் இவ்வாறு எண்ணுவதில்லை. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறும் நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழும் எழுத்துகள் என்பர். அவ்வெண்ணிக்கையில் ஒற்றுகள் சேரா. அம்மரபுப்படி 'தெருக்கூத்து' நான்கெழுத்து, குறுக்கெழுத்துப்படி ஆறெழுத்து.

இவ்வேறுபாட்டால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது, மெய்யெழுத்து மொழிமுதல் ஆகாமையால், தெருக்கூத்தின் மூன்றாம் கட்டத்திலும் (க்) ஐந்தாம் கட்டத்திலும் (த்) குறுக்கே வெட்டும் சொல் தொடங்க இயலாது. அவ்விடங்களில் வேறொரு சொல்லின் இடையோ இறுதியோதான் வந்து வெட்ட வேண்டும். இரண்டாவது, புணர்ச்சியில் மிகும் வல்லொற்றும் ஒரு கட்டத்தைப் பெறுகிறது. தெரு (2), கூத்து (3) இரண்டும் சேர்ந்தால் ஐந்து. மிகுந்த ககர ஒற்றே ஆறாக்குகிறது. எண்ணைப் பார்த்தே புணர்ச்சியை உய்த்துணர விடுவிப்பவருக்கு வாய்ப்புண்டு. பிறமொழிச் சொல்லில் இவ்விதி நெகிழ்கிறது: 'ஸ்பெஷல் நாடகம்' எட்டெழுத்து, அதன் முதற்கட்டமே ஒற்று. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களை இன்றளவும் தென்மாவட்ட ஊர்த் திருவிழாக்களில் ஆடிவரும் மரபு இப்பெயரால் வழங்குகிறது. மொழிமுதல் விதியை மீறித்தான் அது கட்டத்துக்குள் நுழைய முடியும்.

கட்டம் சிறுபெயர்களை விரும்பும் என்பதும் கருதத்தக்கது. ஆங்கிலக் குறுக்கெழுத்துகளில் சப்பானிய 'நோ' நாடகம் அடிக்கடி விடையாக வருவதற்கு அதன் அரங்கச் சிறப்பு காரணமன்று. ஆங்கில எழுத்தில் அது மூன்றே எழுத்து. ஒரு கலையைக் காணாமலே அதன் பெயரை மட்டும் அறிந்திருப்பது குறுக்கெழுத்து உண்டாக்கும் ஒருவகைக் கல்வி. நம் பாடத்திட்டம் உண்டாக்கும் கல்வியும் பல வேளைகளில் இதற்கு அப்பால் செல்வதில்லை.

4. ஒருபொருட் சொல்லின் பொறி

இனி மையக் குறிப்புக்கு வருவோம்:

வீதியில் ஆடும் நாடகம் (6)

இதை விடுவிப்பது எளிது. வீதி என்பது தெரு. நாடகம் என்பது கூத்து. இரண்டும் சேர வல்லொற்று மிகும். எண்ணினால் ஆறு. விடை: தெருக்கூத்து. பள்ளி மாணவரும் சொல்லிவிடக்கூடிய விடை இது. தெருக்கூத்துக்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கமும் இதுவே.

இப்போது குறிப்பிலுள்ள சொற்களையும் விடையிலுள்ள சொற்களையும் இடம் மாற்றுவோம்:

தெருவில் ஆடும் கூத்து (6)

முன்கூறிய முறையே இங்கும். தெரு என்பது வீதி (2). கூத்து என்பது நாடகம் (4). விடை: வீதி நாடகம், அதுவும் ஆறெழுத்து. இரண்டு குறிப்புகளும் ஒரே பொருளைச் சொல்கின்றன. ஆனால் இரண்டு விடைகளும் வேறுவேறு கலைகள்.

வடதமிழகத்தில், குறிப்பாகக் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளில், திரௌபதியம்மன் விழாக்களிலும் பிற சடங்குகளிலும் விடிய விடிய நிகழ்வது தெருக்கூத்து. பாரதக் கதைகள் அதில் பெரும்பான்மை. கட்டியங்காரன் வந்து அவையைத் திரட்டுவான். வேடக்காரர் திரைக்குப் பின்னிருந்து தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு வெளிப்படுவர். கிரீடம், புயக்கட்டை முதலிய மரத்தாலான அணிகலன்கள் உடலைப் பெரிதாக்கிக் காட்டும். முகவீணையும் ஆர்மோனியமும் உடன் ஒலிக்கும். பயிற்சி குடும்பவழியாகவோ வாத்தியார் வழியாகவோ வருவது.

வீதி நாடகமோ இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த நவீன, பெரும்பாலும் அரசியல் சார்ந்த வடிவம். பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் 1980இல் நடத்திய பயிலரங்கு தமிழ் நவீன நாடகக்காரர் பலருக்கு இவ்வழியைக் காட்டியது. 1978இல் ஞாநி தொடங்கிய பரீக்ஷா முதலிய குழுக்களின் காலம் அது. ஒப்பனையின்றி, திரையின்றி, அன்றாட உடையில், குறுகிய நேரத்தில், கூடிய மக்களுடன் நேரடியாகப் பேசுவது வீதி நாடகம். தெருக்கூத்தின் அலங்காரம், இரவின் நீளம், சடங்குத் தன்மை ஆகிய எவையும் இதில் இல்லை.

ஆகவே தெருவும் வீதியும் ஒருபொருட் சொற்கள். கூத்தும் நாடகமும் பல இடங்களில் ஒருபொருட் சொற்கள். இருப்பினும் தெருக்கூத்தும் வீதி நாடகமும் ஒன்றல்ல. வகைமைப் பெயர் தன் உறுப்புச் சொற்களின் கூட்டுத்தொகை அன்று. அது வரலாற்றால் இறுகிய காரணப்பெயர். காரணம் மறைந்தபின்னும் இடுகுறிபோல் நிற்கும். அதை மீண்டும் உறுப்புகளாகப் பிரித்து ஒவ்வோர் உறுப்புக்கும் பொருள் எழுதினால் கிடைப்பது சொற்பொருள், வரையறை அன்று.

அளவை நூலார் கூறும் மூவகைக் குற்றங்களைக் கொண்டு இக்குறிப்பைச் சோதிக்கலாம். கோயில் திடலிலும் அறுவடை முடிந்த வயலிலும் மேடையிலும் கூத்து நிகழ்கிறது. தெரு என்னும் குறி அவற்றைத் தழுவாமையின் அவ்வியாத்தி. வீதி நாடகத்தையும் தழுவுவதால் அதிவியாத்தி. நன்னூல் வழக்கில் சொன்னால் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் ஒரே தொடரில் நிகழ்கின்றன. இப்பிழையின் தோற்றுவாய் புதிர் அமைப்பவர் அல்லர். நம் விளக்கங்களில் இருப்பதையே அவர் எடுத்தாள்கிறார்.

மேலும் ஒரு படி செல்லலாம். 'நிகழிடத்தால் பெயர்பெற்ற நாடக வகை (6)' என்று குறிப்பைப் பொதுமையாக்கினால் தெருக்கூத்து, வீதி நாடகம், மேடை நாடகம், சபா நாடகம் ஆகிய நான்கும் பொருந்தும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்களின் உறுப்பினர்க்காக மாலை வேளையில் நடிக்கப்படும் உரையாடல் நாடகமும், சிற்றூரில் விடியும்வரை ஆடப்படும் கூத்தும் சமூக மதிப்பில் எவ்வளவு விலகி நிற்பவை! கட்டத்திற்கு அவ்விலகல் தெரியாது. இரண்டும் ஆறெழுத்து, இரண்டும் இடத்தால் பெயர்பெற்றவை. 'சபா' என்பது கலை நிறுவனத்தின் பெயராக மதிப்புப் பெற்றதும், 'தெரு' என்பது கலையின் தாழ்வைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டதும் சொற்களின் இயல்பால் வந்தவை அல்ல என்பதை இவ்வொப்புமை நினைவூட்டுகிறது.

5. ஆறா, ஏழா?

தெருக்கூத்து என்னும் பெயரே வழக்குக்குரியது. காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கத்தைச் சார்ந்த பெ. இராஜகோபாலும், 1999இல் இக்கலை பற்றி நூல் வெளியிட்ட ஹன்னே டி புருயினும் 'கட்டைக்கூத்து' என்னும் பெயரையே முன்வைத்தனர். வேடக்காரர் அணியும் கட்டை அணிகலன்களால் வந்த பெயர் அது. தெரு என்னும் அடைமொழி கலையைத் தாழ்த்துகிறது என்பது இத்தரப்பின் வாதம். 'கூத்தாடி', 'கூத்தடிக்கிறான்' என்னும் பேச்சுவழக்குகளில் உள்ள இகழ்ச்சியை அறிந்தவர்க்கு இவ்வாதத்தின் வலி விளங்கும்.

மறுதரப்பும் உண்டு. கண்ணப்ப தம்பிரானால் புகழ்பெற்ற புரிசைப் பரம்பரையினர் தம் மன்றத்தின் பெயரிலேயே தெருக்கூத்து என்னும் சொல்லைப் பெருமையுடன் தாங்கியுள்ளனர். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, நவீன நாடகத்தின் வேரைத் தெருக்கூத்தில் கண்டு, அப்பெயரைப் படித்தவர் நடுவே மதிப்புக்குரியதாக்கினார். 1982இல் வெளிவந்த 'அன்று பூட்டிய வண்டி' அம்முயற்சியின் பதிவு. ஒரு தரப்பினர் பெயரை மாற்றி மதிப்பை மீட்க முயன்றனர்; மற்றொரு தரப்பினர் பெயரை வைத்துக்கொண்டே மதிப்பை மீட்டனர். இரு தரப்பிலும் கலைஞர் உள்ளமையால், வெளியாள் ஒருவர் இதில் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிட இயலாது.

கட்டம் சொல்லிவிடுகிறது. தெருக்கூத்து ஆறு, கட்டைக்கூத்து ஏழு. 'பாரதக் கதையை விடிய விடிய ஆடும் வடதமிழக அரங்கக் கலை' என்று எவ்வளவு கவனமாக வரையறுத்தாலும், அடைப்புக்குறிக்குள் 6 என்று இட்டால் ஒரு தரப்பின் பெயர் விடையாகும். 7 என்று இட்டால் மறுதரப்பின் பெயர். வரையறை நடுநிலையாய் இருக்க, எண் தரப்பெடுக்கிறது. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அலகுத் தலைப்பாக எப்பெயரை இடுகிறோம் என்பதும் இத்தகைய எண்ணே. அதைத் தேர்ந்தவர் தாம் ஒரு தரப்பை எடுத்ததாகவே உணர்வதில்லை.

இதற்குத் தீர்வு உண்டு. பெயரையும் பொருளையும் கலவாமல், பெயரின் காரணத்தைக் குறிப்பில் வெளிப்படையாகச் சொல்வது அது. 'வேடத்தின் மர அணிகளால் பெயர்பெற்ற பாரதக் கூத்து (7)' என்றால் கட்டைக்கூத்து மட்டுமே விடை. 'ஊர்ப் பொதுவழியால் பெயர்பெற்ற பாரதக் கூத்து (6)' என்றால் தெருக்கூத்து மட்டுமே விடை. இவ்விரு குறிப்புகளும் கலை ஒன்று, பெயர் இரண்டு, காரணம் இரண்டு என்பதை ஒளிக்காமல் சொல்கின்றன. முன்னைய குறிப்பில் 'தெருவில் ஆடுவது' என்பது கலையின் இயல்பாகக் கூறப்பட்டது; இங்கே அது பெயரின் காரணமாக மட்டும் கூறப்படுகிறது. இந்தச் சிறு மாற்றமே ஒரு விளக்கத்தை வரையறையாக்குகிறது.

இலங்கை வாசகரைக் கருதினால் மற்றொரு சிக்கலும் தோன்றும். 'நாட்டுக்கூத்து' என்பதும் ஏழெழுத்து. கட்டைக்கூத்துக்கும் அதற்கும் முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் மட்டுமே வேறு. ஏனைய ஐந்தும் ஒன்றே. வடமோடி, தென்மோடி என்னும் பிரிவுகளும், பேராதனையில் சு. வித்தியானந்தன் மேற்கொண்ட மீளுருவாக்கமும் கொண்ட அம்மரபு முற்றிலும் வேறு வரலாறுடையது. 'மரபுவழிக் கூத்து (7)' என்னும் குறிப்புக்கு மட்டக்களப்பில் ஒருவர் எழுதும் விடையும் காஞ்சிபுரத்தில் ஒருவர் எழுதும் விடையும் ஒன்றாய் இரா. இருவரும் பிழை செய்தவரும் அல்லர்.

6. மாந்தரால் பெயர்பெற்றவை

இடத்தாலன்றி மாந்தரால் பெயர்பெற்ற வகைமைகளில் வேறுவகைப் பொறுப்பு எழுகிறது. பாட்டியல் நூல்கள் உழத்திப்பாட்டு, குறத்திப்பாட்டு என்னும் பெயர்களைத் தருகின்றன, இரண்டும் எட்டெழுத்து. வழக்கில் நிலைத்தவை பள்ளு (3), குறவஞ்சி (5).

பள்ளுக்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம், உழவர் வாழ்வைப் பாடும் சிற்றிலக்கியம் என்பது. குறிப்பாக இதை எழுதினால் விடை கிடைத்துவிடும். ஆனால் முக்கூடற் பள்ளைப் படித்தவர் அதில் காண்பது உழவின் வளம் மட்டுமன்று. மூத்தவளும் இளையவளும் பூசலிடுகின்றனர், பண்ணைக்காரன் விசாரிக்கிறான், பள்ளன் தொழுவில் மாட்டப்படுகிறான். ஒரு சாதியின் பெயரும் அச்சாதியினர் மீது பண்ணை செலுத்திய தண்டனை அதிகாரமும் வகைமையின் கட்டமைப்பிலேயே உள்ளன. 'உழவர்' என்னும் பொதுச்சொல் அவ்வதிகாரத்தை மறைக்கிறது. 'மனைவியர் பூசலும் பண்ணைக்காரன் தண்டனையும் அமைந்த உழவுச் சிற்றிலக்கியம் (3)' என்பது நீண்ட குறிப்பே. ஆயினும் அது உண்மையைச் சொல்கிறது.

நொண்டி நாடகத்தில் சிக்கல் இன்னும் கூர்மையானது. இன்று அச்சொல் வசை. மாற்றுத்திறனாளி என்பதே மதிப்புடைய வழக்கு. 'கால் ஊனமுற்றவன் (3)' என்று குறிப்பெழுதி 'நொண்டி' என்னும் விடையைக் கேட்பது வசையைக் கற்பிப்பதாகும். ஆனால் திருச்செந்தூர் நொண்டி நாடகமும் சீதக்காதி நொண்டி நாடகமும் இலக்கிய வரலாற்றில் உள்ளன; நொண்டிச் சிந்து என்னும் யாப்பு வடிவமும் உள்ளது; அப்பெயர்களை மாற்ற இயலாது. இங்கு வரையறை உடற்குறையைப் பற்றாமல் கதையமைப்பைப் பற்ற வேண்டும்: 'பரத்தையால் பொருளிழந்து, குதிரை திருடித் தண்டனை பெற்றவன் தன் கதையைத் தானே கூறித் திருவருளால் நலம் பெறும் நாடகம் (3,4)'. சைவ, வைணவச் சூழலிலும் இசுலாமியச் சூழலிலும் எழுந்த நொண்டி நாடகங்களை இவ்வரையறை ஒருசேரத் தழுவும். கால் என்னும் ஒற்றை உறுப்பைப் பற்றிய குறிப்போ ஒரு மனிதனைத்தான் சுட்டும், வகைமையைச் சுட்டாது.

விலாசத்தில் காலமாற்றமே புதிருக்கு உதவுகிறது. 'கடித உறையில் எழுதுவது. அக்கால மேடையில் நடித்ததும் அதுவே (4)'. மேல்விலாசம் என்னும் வழக்கால் முகவரியைக் குறிக்கும் இச்சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடகத்தின் பெயராக நின்றது. காசி விசுவநாத முதலியாரின் டம்பாச்சாரி விலாசம் அதற்குச் சான்று. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் முதலியோர் சென்னையில் நிறுவிய நாடகக் குழு 'சுகுண விலாச சபை' என்னும் பெயரையே ஏற்றது. இக்குறிப்பில் இரண்டு பொருள்களும் உண்மை. ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்கிறது. 'பழைய நாடகம் (4)' என்று மட்டும் எழுதியிருந்தால் அது வரையறையாகாது, சூதாகியிருக்கும்.

குறவஞ்சிக்கு ஒரு மறைகுறிப்பு: 'ஈறு கெட்ட குறளுடன் மண்ணாசைப் போர்த்திணை சேர, தலைவிக்குக் குறத்தி குறி சொல்லும் நாடகம் (5)'. குறள் தன் இறுதி எழுத்தை இழந்தால் 'குற'. மண்ணாசையால் எழும் போருக்குரிய திணை வஞ்சி. இச்சொற்பிரிப்பு விளையாட்டுக்கானது, உண்மையில் வஞ்சி என்பது பெண்ணையே குறிக்கிறது. குறிப்பின் வலிமை அதன் பின்பகுதியில் உள்ளது. குற்றாலநாதரைத் தலைவராகக் கொண்ட திருக்குற்றாலக் குறவஞ்சிக்கும், தஞ்சை மன்னர் சரபோசியைப் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சிக்கும், வேதநாயக சாத்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சிக்கும் இவ்வரையறை பொருந்தும். அடையாற்றில் ருக்மிணி தேவி 1944இல் கலாக்ஷேத்திராவின் நாட்டிய நாடகமாகக் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றியபோது ஆடலும் அவையும் மாறின. குறத்தி குறி சொல்லும் செயல் மாறவில்லை. சமயமும் புரவலரும் மேடையும் மாறியபின்னும் எஞ்சி நிற்கும் ஒன்றைப் பற்றியதால் இவ்வரையறை நிற்கிறது. முன்கூறிய 'வீதியில் ஆடும்' என்னும் குறிப்பு, இடம் மாறியவுடன் பொய்த்துவிடுகிறது.

7. வெட்டும் எழுத்தும் தேர்வு வினாவும்

குறுக்கெழுத்துக்கு ஒரு தற்காப்பு உண்டு. 'மேடை கண்ட சிற்றிலக்கிய வகை (3)' என்னும் தளர்ந்த குறிப்புக்குப் பள்ளு, நொண்டி இரண்டும் பொருந்தலாம். ஆனால் இரண்டாம் கட்டத்தை வெட்டும் சொல் ளகர ஒற்றைத் தந்தால் பள்ளு, ணகர ஒற்றைத் தந்தால் நொண்டி. வெட்டும் எழுத்து என்பது குறிப்போடு தொடர்பற்ற இரண்டாவது சாட்சி. அச்சாட்சியும் எப்போதும் உதவுவதில்லை. விலாசமா நாடகமா என்னும் ஐயத்தில் இறுதிக் கட்டம் வெட்டப்பட்டால் இரண்டுக்கும் மகரமே கிடைக்கும். வீதி நாடகம், மேடை நாடகம், சபா நாடகம் மூன்றுக்கும் பின் நான்கு கட்டங்கள் ஒன்றே. முதலிரண்டு கட்டங்களுள் ஒன்று வெட்டப்பட்டாலன்றி ஐயம் தீராது. நல்ல புதிர் அமைப்பவர் இதை அறிந்து கட்டத்தை வரைகிறார்.

தேர்வு வினாவுக்கு அந்தச் சாட்சியும் இல்லை. கல்லூரித் தேர்வின் ஒரு மதிப்பெண் வினாவிலும், பல்தேர்வு முறையில் நடக்கும் தேசியத் தகுதித் தேர்விலும், வினாத்தொடர் மட்டுமே மாணவருக்கு ஆதாரம். 'தெருவில் நிகழ்த்தப்படும் நாடகம் எது?' என்று வினவி, தெருக்கூத்தையும் வீதி நாடகத்தையும் விடைத்தெரிவுகளாகத் தந்தால், இரண்டையும் நன்கறிந்த மாணவரே தடுமாறுவார். ஒன்றை மட்டும் மனனம் செய்தவர் தடையின்றி மதிப்பெண் பெறுவார். அறிந்தவரைத் தண்டித்து அறியாதவருக்குப் பரிசளிக்கும் வினா, 1957ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அளவுகோலில் எப்பக்கம் நிற்கும் என்பதை வினாத்தாள் அமைக்கும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நாடக வகைமைப் பெயரை அதன் உறுப்புச் சொற்களின் ஒருபொருட் சொற்களால் விளக்குவது வரையறை ஆகாது. தெருக்கூத்தும் வீதி நாடகமும் குறிப்பும் விடையுமாக இடம் மாறிக்கொள்வதே அதற்குச் சான்று. இரண்டாவது, ஒரு கலைக்கு இரண்டு பெயர்கள் வழக்கில் போட்டியிடும்போது, பெயரின் காரணத்தையும் கலையின் இயல்பையும் பிரித்துக் கூறுவதே நேர்மை. எழுத்தெண்ணிக்கை, அலகுத் தலைப்பு போன்ற புறக்கட்டாயங்கள் அமைதியாகத் தரப்பெடுத்துவிடும். மூன்றாவது, சாதியையோ உடற்குறையையோ பெயரில் தாங்கிய வகைமைகளில், வரையறை கதையமைப்பையும் நிகழ்த்து முறையையும் பற்றி அமைய வேண்டும். பொதுச்சொல்லால் பூசி மறைப்பதும் வசையாகக் கேட்பதும் ஆகிய இரண்டும் தவறு.

வரையறை ஒன்றை எழுதியபின் அதைக் குறுக்கெழுத்துக் குறிப்பாகக் கொண்டு விடையை மறைத்துவிட்டு, துறையறிந்த ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பது எளிய சோதனை. அவர் ஒரே விடையைச் சொன்னால் வரையறை நிற்கும். இரண்டு விடைகளைச் சொன்னால் திருத்த வேண்டியது வரையறை. விடை சொன்னவரை அன்று. தெருக்கூத்து பற்றிய நம் பாடக்குறிப்புகளை முதலில் இச்சோதனைக்கு உட்படுத்தலாம். விடிய விடிய ஆடுபவர்களுக்கு, அவர்கள் ஆடும் இடத்தை மட்டும் சொல்லாமல், அவர்கள் ஆடுவதைச் சொல்லும் ஒரு வரியையேனும் நாம் எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.